நாடே துக்கத்தில் இருக்கும்போது தலைவர்கள் யாரைப் பார்த்துக் கதைக்கிறார்கள்?

உவர்மலை ஆசிரியர்

இங்கே திருகோணமலையில் உயர்தர வகுப்பில் அரசறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விவாதம் வைக்கப் போகிறேன். ஒரு நாட்டில் பெரிய உயிரிழப்பு நடந்ததும் அந்த நாட்டுத் தலைவர் மக்களிடம் என்ன சொன்னார் என்று ஒப்பிட வேண்டும். தொடக்கத்துக்கு இரண்டு பேச்சுகளை எடுத்திருக்கிறேன். இரண்டு துயரமும் 2019இல் நடந்தவை, இடையில் 37 நாள்தான்.

மார்ச் 15, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச். இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். நாலு நாள் கழித்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் பாராளுமன்றத்தில் எழும்பி, முதல் வார்த்தையாகச் சலாம் சொன்னார். கொலையாளியின் பெயரை என் வாயால் சொல்லவே மாட்டேன் என்றார். அல் நூர் பள்ளிவாசலின் கதவைத் திறந்து, வந்தவனைப் பார்த்து 'சகோதரா, வாருங்கள்' என்று சொன்ன 71 வயதுப் பெரியவரைப் பற்றிப் பேசினார். அந்தப் பெரியவர் வரவேற்றது தன்னைச் சுட வந்தவனை. அந்த ஒரு காட்சியில் அந்தச் சமூகம் எப்படிப்பட்டது என்று முழு நாட்டுக்கும் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, எங்கள் இலங்கை. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள் என்று பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அன்று சிங்கப்பூரில் இருந்தார். 23ஆம் திகதி நாட்டு மக்களுக்கு உரையாற்றியபோது, முன்கூட்டியே வந்த புலனாய்வுத் தகவலைத் தனக்கு யாரும் தரவில்லை என்றார். பாதுகாப்புத் தலைமைகளை 24 மணி நேரத்துக்குள் மாற்றுவதாகச் சொன்னார். பிரதமர் ரணிலும் தனக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றார்.

என் பார்வையில் ஆர்டன் இறந்தவர்களின் வீட்டாரைப் பார்த்துக் கதைத்தார். எங்கள் தலைவர்கள் தங்கள் மேல் வரப்போகும் குற்றச்சாட்டைப் பார்த்துக் கதைத்தார்கள். ஒரு பேச்சை எடைபோட நான் முதலில் கேட்பது இதைத்தான்: பேசுகிறவரின் கண் யார் மேல் இருக்கிறது? உங்கள் கருத்தை எழுதுங்கள், பிள்ளைகளுக்கு உதவும்.

பாலையூற்று

சேர், அந்த 23ஆம் திகதி உரையை நாங்கள் வீட்டில் எல்லோருமாக இருந்து பார்த்தோம். அம்மாவுக்குச் சிங்களம் விளங்காது, நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். சீயோன் தேவாலயத்தில் இறந்த பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்கிறார் என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டா. அதிகாரிகளை மாற்றுவது பற்றித்தான் கதைக்கிறார் என்று சொல்லவேண்டி வந்தது. ஞாயிறு பூசைக்குப் போய்வந்த வீட்டுக்கு அன்று தேவைப்பட்டது வேறு.

ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். குண்டு வெடித்த மறுநாளே அமைச்சரவைப் பேச்சாளர் ராஜித சேனாரத்ன ஊடகச் சந்திப்பில், அரசாங்கமாக நாங்கள் மன்னிப்புக் கேட்கிறோம் என்று சொன்னார். அதைச் சொல்லியிருக்க வேண்டியவர் ஜனாதிபதி. அவர் கத்தோலிக்க மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2023 ஜனவரிக் கடைசியில். அதற்குச் சில கிழமைக்கு முன்தான், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக அவர் 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்த மன்னிப்பையும் மற்றவர்கள் செய்த செயலுக்காகக் கேட்பதாகத்தான் சொன்னார். தீர்ப்புக்குப் பிறகு வரும் மன்னிப்பை எங்கள் சனம் எப்படி ஏற்கும்?

மட்டிக்களித் தம்பி

சேர் குறை நினைக்கக்கூடாது, இந்த ஒப்பீடு நியாயமாகத் தெரியவில்லை. கிறைஸ்ட்சேர்ச்சில் சுட்டவன் ஆஸ்திரேலியாக்காரன், தனி ஆள். வெளியிலிருந்து வந்த ஒருவன் செய்ததற்கு ஆர்டன் அழகாகப் பேசுவதில் அரசியல் நட்டம் ஒன்றும் இல்லை. இங்கே 2018 ஒக்டோபரில் ஜனாதிபதி பிரதமரைப் பதவி நீக்கிய குழப்பத்துக்குப் பிறகு இருவரும் முகம் பார்த்ததே இல்லை. பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்கே பிரதமரைக் கூப்பிட்டதில்லை. அப்படிப்பட்ட அரசாங்கத்திடமிருந்து ஒரே குரலில் ஒரு பேச்சு எப்படி வரும்? சிறிசேன இடத்தில் ஆர்டன் இருந்திருந்தால் அவரும் தடுமாறித்தான் இருப்பார்.

உவர்மலை ஆசிரியர்

தம்பி, நல்ல கேள்வி. அப்படியென்றால் நோர்வேயைப் பாருங்கள். 2011 ஜூலை 22, 77 பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் நோர்வேக்காரன். ஒஸ்லோவில் வெடித்த குண்டு பிரதமர் அலுவலகம் இருந்த கட்டடத்துக்கு முன்னால் வைக்கப்பட்டது. உட்டோயா தீவில் இறந்த 69 பேரில் பெரும்பாலானோர் ஆளும் தொழிற்கட்சியின் இளைஞர் முகாமுக்கு வந்த பிள்ளைகள். பிரதமர் ஜென்ஸ் ஸ்டோல்டன்பேர்க் தன் இளமையிலிருந்து ஒவ்வொரு கோடைக்கும் போய்வந்த முகாம் அது. கோபப்பட அவரைவிட உரிமை உள்ளவர் யார்? இரண்டாம் நாள் ஒஸ்லோப் பேராலயத்தில், எங்கள் பதில் இன்னும் கூடுதலான ஜனநாயகம், இன்னும் கூடுதலான திறந்த மனம், இன்னும் கூடுதலான மனிதம் என்றார். வெகுளித்தனமாக மட்டும் இருக்கமாட்டோம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

நீங்கள் சொன்ன அரசியல் நட்டம் அவருக்கு 2012 ஓகஸ்டில் வந்தது. விசாரணை ஆணைக்குழு, அரச கட்டடத்துக்கு முன் இருந்த வீதியை முன்பே மூடியிருக்கலாம், பொலிஸ் தீவுக்கு இன்னும் வேகமாகப் போயிருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. அவர் அதற்குப் பொறுப்பு ஏற்றார். எனக்குச் சொல்லப்படவில்லை என்று தப்பவில்லை. ஆர்டனும் அப்படித்தான். 2020 டிசம்பரில் அங்கே விசாரணை அறிக்கை வந்தபோது, பாதுகாப்புத் துறையின் குறைகளுக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். இந்தத் தாக்குதலை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியாது என்று அதே அறிக்கை சொல்லியிருந்தும் கேட்டார்.

கிண்ணியா மகள்

அஸ்ஸலாமு அலைக்கும். சேர் எழுதியதைப் படித்தேன். கொலையாளியின் பெயரைச் சொல்லாமல் விட்டதை எல்லோரும் புகழ்கிறார்கள். நானும் மதிக்கிறேன். ஆனால் அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

1948 ஜனவரி 30 காந்தி சுடப்பட்ட அன்று மாலை, யார் சுட்டது என்று தெரியாமல் டில்லி கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு முஸ்லிம்தான் சுட்டான் என்ற வதந்தி ஒன்று போதும், இரவுக்குள் எத்தனை ஆயிரம் உயிர் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. சுட்டவன் ஓர் இந்து என்று வானொலியில் வேண்டுமென்றே சொன்னார்கள். அதற்குப் பிறகு நேரு வந்து, எங்கள் வாழ்விலிருந்து ஒளி போய்விட்டது என்று எழுதிவைக்காமல் மனதிலிருந்து பேசினார். சுட்டவனை ஒரு பைத்தியக்காரன் என்றார், எந்தச் சமூகத்தின் தலையிலும் அதை ஏற்றவில்லை. அங்கே யார் என்று சொன்னது உயிரைக் காத்தது. கிறைஸ்ட்சேர்ச்சில் சொல்லாமல் விட்டது கொலையாளிக்குப் புகழ் சேராமல் தடுத்தது. இரண்டு தலைவர்களும் தங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு மறுநாள் காலை எந்த வீட்டுக் கதவு தட்டப்படும் என்று யோசித்திருக்கிறார்கள்.

2019 ஏப்ரலில் எங்கள் கதவைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. குண்டு வைத்த கூட்டத்தின் தலைவன் சஹ்ரானைப் பற்றி எங்கள் ஆட்களே முன்பே முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். இந்தக் கூட்டம் வேறு, நாட்டு முஸ்லிம்கள் வேறு என்று அரசின் தலைவர் முதல் நாளிலேயே உரக்கச் சொல்லியிருந்தால் எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். எங்கள் வாழ்க்கையைத் தொட்ட முதல் அறிவிப்பு 29ஆம் திகதி வந்த முகம் மூடத் தடை. மே மாதம் குருநாகல் பக்கமும் மினுவாங்கொடையிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஜூன் 3ஆம் திகதி முஸ்லிம் அமைச்சர்கள் ஒன்பது பேரும் பதவி விலகினார்கள். நான் அந்தக் கிழமைகளில் வேலைக்குப் போகும் வழியில் ஒரு இடத்தில் பையைத் திறந்து காட்டும்போது, சாப்பாட்டுப் பெட்டியின் மூடியையும் கழற்றச் சொன்னார்கள். பின்னால் நின்ற அக்காவை ஒன்றும் கேட்கவில்லை. அவ தமிழ், நெற்றியில் பொட்டு இருந்தது. இருவருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

அப்புறம் கொரோனா. அதில் இறந்த எங்கள் ஆட்களின் உடல்களை, எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள். உலக சுகாதார அமைப்பு அடக்கலாம் என்று சொல்லியும் எரித்தார்கள். பிறந்து 20 நாளான பிள்ளையையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி 10 மஹிந்த ராஜபக்ஷ பிரதமராகப் பாராளுமன்றத்தில் அடக்க அனுமதிப்போம் என்று சொன்னபோது எங்கள் வீட்டில் உம்மா அழுதுவிட்டா. மறுநாளே அதிலிருந்து பின்வாங்கிக் கதைத்தார்கள். அனுமதி வர அந்த மாதக் கடைசி ஆயிற்று. அமைச்சரவை முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில். அது ஒரு அமைச்சரவை முடிவாகத்தான் வந்தது. ஒரு மனிதர் எங்கள் முன்னால் நின்று அதைச் சொல்லவில்லை.

பாலையூற்று

தங்கச்சி, இதை வாசித்து நெஞ்சு கனத்துப் போச்சு. அந்த ஏப்ரலில் எங்கள் பங்கிலும் கோபம் இருந்தது, மறைக்கமாட்டேன். பழிவாங்கக் கிளம்பாதீர்கள் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் சொன்னது எங்கள் பெடியன்களை நிறுத்தியது. ஒரு மதத் தலைவர் செய்ததை நாட்டின் தலைவர் செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

திருக்கடலூரான்

பிள்ளைகளே, நான் படித்தவன் இல்லை, மகள்தான் இதைத் தட்டித் தருகிறாள். பேச்சைப் பற்றி இவ்வளவு கதைக்கிறீர்கள். நான் சுனாமியைச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று அப்போதைய ஜனாதிபதி சந்திரிகா அம்மையார் இங்கிலாந்தில் விடுமுறையில் இருந்தார். திரும்பி வந்து, இயற்கை ஆள் பார்த்து அடிக்கவில்லை, நாங்களும் வேற்றுமை பாராமல் சேர்ந்து எழும்ப வேண்டும் என்ற மாதிரிப் பேசினார். நல்ல பேச்சு. நாங்கள் அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் ரேடியோவில் கேட்டோம். கிண்ணியா, மூதூர், குச்சவெளி, நிலாவெளி, எங்கள் கரை எல்லாம் ஒரே மாதிரித்தான் போயிருந்தது. அதனால் அந்தப் பேச்சு உண்மையாகவே பட்டது. முகாமில் எல்லாச் சாதி சனமும் ஒரே கிடாரத்தில்தான் சாப்பிட்டோம்.

பிறகு கரையில் வீடு கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலில் இருந்து 100 மீட்டர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். ஒரே அலை, ஒரே கடல், எங்களுக்கு மட்டும் இரண்டு மடங்கு. கரைவலைக்காரன் 200 மீட்டர் உள்ளே இருந்துகொண்டு விடிய நாலு மணிக்கு மீன் கலங்குவதை எப்படிப் பார்ப்பான்? வள்ளத்தையும் எஞ்சினையும் யார் காவல் காப்பது? பிறகு அந்தத் தூரத்தைத் தளர்த்தினார்கள்தான். அதற்குள் எத்தனை குடும்பம் தகரக் கொட்டிலுக்குள் மாரியைக் கழித்தது.

மட்டிக்களித் தம்பி

ஐயா சொன்னதோடு இதையும் சேர்க்கலாம். 2005 ஜூனில் சந்திரிகா, புலிகளோடு சேர்ந்து நிவாரணம் பகிர்வதற்கான சுனாமிப் பொதுக்கட்டமைப்பில் கைச்சாத்திட வைத்தார். அதற்காக ஜேவிபி அரசாங்கத்தை விட்டே போனது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. ஆகவே அவர் பேச்சோடு நின்றுவிட்டார் என்று சொல்லமாட்டேன். பேசியதற்காகத் தன் ஆட்சியையே பணயம் வைத்தார். அந்த 200 மீட்டரும் அதே அரசாங்கம்தான், அதுவும் உண்மை.

திருக்கடலூரான்

சரி தம்பி, அதை ஒப்புக்கொள்கிறேன். அவவுக்கு மனம் இருந்தது. 83 கலவரத்துக்காக 2004இல் தமிழரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதும் அவதான்.

83 என்றதும் அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவின் பேச்சைச் சொல்லாமல் விட முடியாது. அப்போது நான் இளந்தாரி. கொழும்பில் ஜூலை 24 இரவு தொடங்கியது. வெலிக்கடைச் சிறைக்குள் 25ஆம், 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்று முடித்திருந்தார்கள். எங்கள் நகரமும் அந்தக் கிழமைதான் எரிந்தது. ஜனாதிபதி வாய் திறந்தது 28ஆம் திகதி. கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் முப்பது நாற்பது பேர் நெருக்கிக்கொண்டு, ரேடியோச் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டோம். எரிந்த வீட்டுக்கு ஒரு வார்த்தை, செத்த ஆட்களுக்கு ஒரு வார்த்தை வரும் வரும் என்று பார்த்தோம். வரவில்லை. சிங்கள மக்களின் உணர்வைப் பற்றிச் சொன்னார், நாட்டைப் பிரிக்கக் கேட்கும் கட்சிகளைத் தடை செய்யப் போவதாகச் சொன்னார். பேச்சு முடிந்ததும் ஒரு கிழவர் எழும்பி, இனி இங்கே இருந்து பிரயோசனமில்லை என்றார். அவருடைய பிள்ளைகள் இப்போது கனடாவில்.

சம்பூர்ப் பெடியன்

இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஐயா எழுதியதைக் கண்டபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜே.ஆர். பேச்சுக்குப் பக்கத்தில் வைக்க இந்தியாவில் ஒன்று இருக்கிறது. இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு டில்லித் தெருக்களில் சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். 1984 நவம்பர் 19 ராஜீவ் காந்தி ஒரு கூட்டத்தில், பெரிய மரம் சாய்ந்தால் நிலம் அதிரத்தான் செய்யும் என்றார். தாயைப் பறிகொடுத்த மகன் என்று பார்த்தாலும், பிரதமர் சொல்லக்கூடிய வசனமா அது? கொன்றவர்களுக்குச் சாக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. 2005 ஓகஸ்டில் அதே கட்சிப் பிரதமர் மன்மோகன் சிங், தானே ஒரு சீக்கியர், சீக்கியச் சமூகத்திடம் மட்டுமல்ல முழு நாட்டிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், வெட்கத்தில் தலை குனிகிறேன் என்று மாநிலங்களவையில் சொன்னார். 21 வருடம் எடுத்தது.

2009 மே 19ஆம் திகதிப் பேச்சையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் சேர். போர் முடிந்தபோது ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ பாராளுமன்றத்தில் தமிழிலும் பேசினார். இனி இந்த நாட்டில் சிறுபான்மை என்று ஒன்று இல்லை, நாட்டை நேசிப்பவர்களும் நேசிக்காதவர்களும் மட்டும்தான் என்றார். எங்கள் மொழியில் பேசியதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அந்த நேரம் முள்ளிவாய்க்காலில் பிணங்களை அள்ளி முடியவில்லை. 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. தமிழில் பேசிய அந்த நிமிடங்களுக்குள் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு ஒரு வசனம் இருந்திருக்கலாம்.

மட்டிக்களித் தம்பி

20 வருடம், 40 வருடம் கழித்து வரும் மன்னிப்பால் என்ன பயன்? செத்தவர் எழும்பி வரப்போவதில்லை. அந்தச் சமயம் அதிகாரத்தில் இருந்தவரும் போய்ச் சேர்ந்துவிடுவார். அடுத்த தலைமுறைத் தலைவருக்கு அது இலவசமாகக் கிடைக்கும் நல்ல பெயர்.

உவர்மலை ஆசிரியர்

இல்லை தம்பி, இதில் நான் உறுதியாக வேறுபடுகிறேன். வட அயர்லாந்தின் டெரி நகரத்தைப் பாருங்கள். 1972 ஜனவரி 30 ஊர்வலத்தில் வந்த பொதுமக்கள் மேல் பிரித்தானியப் படை சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தார்கள். அவர்கள் ஆயுதம் வைத்திருந்ததாக முதல் விசாரணை சந்தேகத்தைப் பதிவு செய்துவிட்டது. ஆகவே அந்த வீட்டார் பிள்ளையைப் புதைத்ததோடு சேர்த்து, பிள்ளையின் பெயரில் ஒரு கறையையும் சுமந்தார்கள். இரண்டாவது விசாரணை 12 வருடம் நடந்தது. 2010 ஜூன் 15 பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் பாராளுமன்றத்தில், நடந்தது நியாயமற்றது, நியாயப்படுத்தவும் முடியாதது என்றார், அரசின் சார்பிலும் நாட்டின் சார்பிலும் மன்னிப்புக் கேட்டார். நகர மண்டபத்துக்கு முன் சதுக்கத்தில் பெரிய திரை வைத்து ஆயிரக்கணக்கான சனம் பார்த்துக்கொண்டு நின்றது. அறிக்கையை முன்கூட்டியே வாசிக்க உள்ளே போயிருந்த குடும்பத்தார், அவர் பேச முன்னமே யன்னல் வழியாகப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்கள். எங்கள் பிள்ளை குற்றமற்றவன் என்று அரசே எழுதிக் கொடுத்துவிட்டது என்பதற்குத்தான் அந்த விரல்.

சுடப்பட்டபோது கமரூன் ஐந்து வயதுப் பிள்ளை. ஆனாலும் அன்று அவர் வாயிலிருந்து வந்தது அரசின் சொல். செத்தவர் வரமாட்டார்தான், பெயர் திரும்பி வரும்.

சம்பூர்ப் பெடியன்

சேர், பெயர் திரும்பி வருவது என்றால் எங்கள் கடற்கரையை விட்டுவிட்டு எங்கே போகிறோம்? 2006 ஜனவரி 2, காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள். கையில் இருந்த குண்டு வெடித்து இறந்தார்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள். சவச்சாலையில் எடுத்த படங்கள் வெளியில் வந்து, சூட்டுக் காயம் என்று எல்லோரும் கண்டார்கள். அந்தப் படங்களை எடுத்த பத்திரிகையாளரை அதே மாதம் 24ஆம் திகதி இந்த ஊரிலேயே சுட்டுக்கொன்றார்கள். 2019 ஜூலையில் நீதிமன்றம் சாட்சியம் போதாது என்று சந்தேக நபர்கள் 13 பேரையும் விடுவித்தது. அந்தப் பிள்ளைகள் குற்றமற்றவர்கள் என்று ஒரு ஜனாதிபதி எழும்பி நின்று சொல்லக் கேட்க அந்தப் பெற்றோர் இன்னும் காத்திருக்கிறார்கள். அந்த வருடமே ஓகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள், சுனாமிக்குப் பிறகு எங்களுக்குத் தண்ணீர்க் கிணறும் மலசலகூடமும் கட்டித் தந்தவர்கள்.

கிண்ணியா மகள்

2021 நவம்பர் 23 குறிஞ்சாக்கேணியில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் போன மிதவைப் படகு கவிழ்ந்ததையும் எழுதிக்கொள்ளுங்கள். பாலம் கட்டி முடியும்வரை அந்த மிதவையில்தான் போய்வந்தார்கள். அதற்குப் பிறகு யார் அனுமதி கொடுத்தது என்ற சண்டைதான் எங்கள் காதில் விழுந்தது. எந்தச் சாவு நாட்டின் துயரம், எந்தச் சாவு ஊர்ச் செய்தி என்று யார் தீர்மானிக்கிறார்கள்? இதையும் விவாதத்தில் ஒரு கேள்வியாக வையுங்கள் சேர்.

உவர்மலை ஆசிரியர்

வைக்கிறேன், மகள். அதையே முதல் கேள்வியாக வைக்கிறேன். பேசப்பட்ட பேச்சுகளை ஒரு குழுவும், பேசப்படாத சாவுகளை இன்னொரு குழுவும் எடுக்கட்டும். கடற்கரையைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிக் கதைப்பது என்று பெற்றோரிடமும் அதிபரிடமும் முதலில் கேட்க வேண்டும்.

ஒரு உதவி. ஜே.ஆரின் 28ஆம் திகதி உரை வெளியான 1983 தமிழ்ப் பத்திரிகை யாரிடமாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். பிள்ளைகள் முழுப் பேச்சையும் வாசித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், நாங்கள் சொல்வதை வைத்து அல்ல.

திருக்கடலூரான்

பத்திரிகை என்னிடம் இல்லை சேர், இருந்ததெல்லாம் சுனாமியோடு போய்விட்டது. பிள்ளைகளை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கூட்டிக்கொண்டு வாருங்கள், அன்று நாங்கள் தொழிலுக்குப் போவதில்லை. அன்று அந்த வீட்டில் ரேடியோ கேட்ட இன்னும் இரண்டு பேர் இந்தக் கரையில் இருக்கிறார்கள், அவர்களையும் வரச் சொல்கிறேன்.